இசை இறுவட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுதல்

இசை இறுவட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுதல் என்பது, இறுவட்டில் எண்ம வடிவில் பதியப்பட்டுள்ள ஒலித் தரவைக் கணினியின் இயக்கி வழியாகப் படித்து, கோப்புகளாகச் சேமிக்கும் செயல்முறை ஆகும். இறுவட்டு என்பது குறுந்தட்டு, குறுவட்டு, சிடி எனவும் வழங்கப்படுகிறது. இச்செயல்முறையைப் பேச்சு வழக்கில் ரிப் செய்தல் என்பர். ஒலிநாடாவையோ பழைய இசைத்தட்டையோ கணினிக்கு மாற்றுவதிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. நாடாவிலும் இசைத்தட்டிலும் ஒலி ஒப்புமை வடிவில் இருப்பதால் அதனை இசைக்கவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவும் மற்றொன்றிலிருந்து சிறிதளவு மாறுபடும். இறுவட்டில் இசை ஏற்கெனவே எண்களாகவே உள்ளது. அவ்வெண்களை ஒன்றுகூட விடாமல் படித்தெடுத்தால் கிடைக்கும் கோப்பு, வட்டில் உள்ளதற்கு எவ்வித வேறுபாடும் இன்றிச் சமமானது.

எனினும், எண்கள் அனைத்தும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்பதை இயக்கி தானாக உறுதி செய்வதில்லை. 2000களின் தொடக்கத்தில் வன்தட்டு இடம் விலை மிகுந்ததாக இருந்தமையால், பலர் தம் வட்டுகளை நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் எம்பி3 கோப்புகளாக மாற்றிக்கொண்டனர். பின்னர் வட்டுகளை விற்றோரும், வட்டு கெட்டுப்போனோரும் அக்கோப்புகளில் விடுபட்ட ஒலியைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே ஒரு தொகுப்பை ஒரே முறை மாற்றினால் போதும் என்ற நிலையை அடைவதற்கு இரண்டு தேவைகள் உள்ளன. படிக்கப்பட்ட தரவு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது இழப்பற்ற வடிவில் சேமிக்கப்பட வேண்டும். மற்றவை அனைத்தையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

வட்டில் ஒலி பதிந்துள்ள முறை

இசை இறுவட்டிற்கான வரன்முறை, பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்களால் 1980ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அட்டையின் நிறத்தால் இது சிவப்பு நூல் எனப்படுகிறது. 1982 அக்டோபரில் இவ்வட்டுகள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. வட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். தரவு உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஒரே சுருள் தடத்தில் அமைந்துள்ளது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையேயான தொலைவு 1.6 மைக்ரோமீட்டர். 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர் கதிர் அதனைப் படிக்கிறது.

ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதியப்படுகிறது. இடம், வலம் என இரு தடங்கள் இருப்பதால் நொடிக்கு 14,11,200 பிட்கள், அதாவது 1,76,400 பைட்கள் ஆகின்றன. ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 635 மெகாபைட் இடம் தேவை. 44,100 என்னும் எண் தற்செயலானது அன்று. தொடக்கத்தில் எண்ம ஒலியைச் சேமிக்க நிகழ்பட நாடாக்களே பயன்பட்டன. ஒரு கிடைவரிக்கு 3 மாதிரிகள் வீதம், 60 புலங்கள் கொண்ட முறையில் புலத்துக்கு 245 வரிகளும், 50 புலங்கள் கொண்ட முறையில் 294 வரிகளும் பயன்படுத்தப்பட்டபோது இரண்டிலும் இவ்வெண்ணே கிடைத்தது.

தரவு நொடிக்கு 75 கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கூறும் 2,352 பைட்கள் கொண்டது. கணினித் தரவு வட்டுகளில் இந்த 2,352 பைட்களில் 2,048 மட்டுமே பயனருக்குரியவை. எஞ்சிய 304 பைட்கள் கூறின் முகவரிக்கும், பிழையைக் கண்டறிந்து திருத்துவதற்கான கூடுதல் தரவுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இசை வட்டிலோ 2,352 பைட்களும் ஒலிக்கே உரியவை. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கணினி நிரல் இயங்காமல் போகலாம். பாடலில் ஒரு மாதிரி மாறினால் செவி அறியாது என்ற கணிப்பே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். இசைப்பெட்டியின் நோக்கில் அது சரியான கணிப்பு. மாற்றுதலில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே தோன்றுகின்றன.

இசை வட்டிலும் ஓர் அடிப்படைப் பிழைதிருத்தம் உண்டு. ரீடு–சாலமன் குறிமுறையின் ஒரு வகை இதற்குப் பயன்படுகிறது. இசையில் அடுத்தடுத்து வரும் மாதிரிகள் தடத்தில் அடுத்தடுத்து வைக்கப்படாமல் சிதறலாகப் பதியப்படுகின்றன. எனவே ஒரு கீறல் ஓரிடத்தை அழித்தாலும், இழப்பு பல இடங்களுக்குப் பகிரப்பட்டு, கூடுதல் தரவின் உதவியால் முழுமையாக மீட்கப்படுகிறது. தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை, ஏறத்தாழ 4,000 பிட்கள் தொடர்ச்சியாக அழிந்தாலும் இவ்வாறு மீட்க இயலும். அதற்கு மேற்பட்ட சேதத்தில் இசைப்பெட்டி முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைக் கொண்டு இடைப்பட்டதை ஊகித்து நிரப்புகிறது. அதுவும் இயலாதபோது ஒலியை ஒரு கணம் அடக்கிவிடுகிறது. கேட்பவர் இதனைப் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆனால் மாற்றும்போது இவ்வாறு நிரப்பப்பட்ட மாதிரிகள் கோப்பில் நிலையாகத் தங்கிவிடும்.

படித்தெடுப்பதில் எழும் சிக்கல்கள்

இசைக் கூறுகளுக்குள் முகவரி இல்லை. தடத்தின் எவ்விடத்தில் உள்ளோம் என்பது துணைத்தடம் ஒன்றில் தனியே குறிக்கப்படுகிறது. அது ஒலித் தரவோடு மிகத் துல்லியமாக இணைக்கப்பட்டதன்று. எனவே படிப்பதை இடையில் நிறுத்தித் தொடரும்போது, பழைய இயக்கிகள் விட்ட இடத்திற்குச் சில மாதிரிகள் முன்னதாகவோ பின்னதாகவோ தொடங்கின. இணைப்பிடங்களில் சொடுக்கு ஒலி எழுந்தது. ஒவ்வொரு பகுதியையும் சற்று மேற்படியுமாறு படித்து, பொதுவான பகுதியை ஒப்பிட்டு இணைப்பதே இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு. பிற்கால இயக்கிகளில் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

ஒரே கூறை இருமுறை படித்து ஒப்பிடுவது பிழையைக் கண்டறியும் எளிய வழி. இரு முறையும் ஒரே விடை வந்தால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் பல இயக்கிகள் அண்மையில் படித்ததைத் தம் இடைநினைவகத்தில் வைத்திருந்து, இரண்டாம் முறை கேட்கும்போது வட்டைத் தொடாமலே அதனையே திரும்பக் கொடுக்கின்றன. இவ்வாறு பெறப்படும் ஒற்றுமை எதனையும் நிறுவாது. எனவே நல்ல மென்பொருள், இடையில் வட்டின் வேறு பகுதியைப் படிக்கச் செய்து இடைநினைவகத்தை நிரப்பிய பின்னரே மீண்டும் பழைய இடத்திற்கு வருகிறது.

சில இயக்கிகள் தம்மால் திருத்த இயலாத பைட்களைப் பற்றிக் கணினிக்குத் தெரிவிக்கின்றன. இவ்வறிவிப்பு சி2 பிழைக்குறி எனப்படும். இதனை நம்பினால் ஒரு முறை படித்தாலே போதும், நேரம் மிச்சமாகும். ஆனால் எல்லா இயக்கிகளும் இதனை நேர்மையாகத் தெரிவிப்பதில்லை.

ஒவ்வொரு வகை இயக்கியும் தரவை ஒரு நிலையான எண்ணிக்கை மாதிரிகள் தள்ளிப் படிக்கிறது. இது பெயர்ச்சி எனப்படுகிறது. 30 மாதிரிகள் பெயர்ச்சி என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு; இசையில் இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. எனினும் இரு வேறு இயக்கிகளில் எடுத்த கோப்புகளை ஒப்பிட வேண்டுமானால் இப்பெயர்ச்சியைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

இவை தவிர, எளிதில் கவனிக்கப்படாத ஒன்றும் உண்டு. 1980களில் வெளியான சில வட்டுகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சான சிலவற்றில், உயர் அதிர்வெண்கள் வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்டுப் பதியப்பட்டன. இசைப்பெட்டி துணைத்தடத்தில் உள்ள குறியைக் கண்டு அவற்றைத் தணித்து ஒலிக்கும். கணினியில் அக்குறி கவனிக்கப்படாமல் எடுக்கப்பட்ட கோப்பு காதைக் குத்தும் கூர்மையுடன் ஒலிக்கும்; பழைய வட்டின் பதிவே மோசம் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

மென்பொருட்களும் சரிபார்த்தலும்

1990களின் பிற்பகுதியில் இச்சிக்கல்களைத் தீர்க்கும் நோக்கில் இரு மென்பொருட்கள் தோன்றின. லினக்ஸ் முதலிய இயங்குதளங்களுக்கான சிடிபரனோயாவைக் கிறிஸ் மான்ட்கோமரி எழுதினார். இவரே பின்னர் ஆக் வோர்பிஸ் ஒலி வடிவத்தை உருவாக்கியவர். விண்டோசுக்கான எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரே வீத்தோஃப் என்பவரால் எழுதப்பட்டு 1998இல் வெளிவந்தது. ஐயத்துக்குரிய கூறுகளைப் பலமுறை படித்து, பெரும்பான்மை ஒத்துவரும் விடையை இது ஏற்றுக்கொள்கிறது. ஒத்துவராத இடங்களை நேரத்துடன் குறித்து அறிக்கை தருகிறது. விண்டோசில் டிபி பவர்ஆம்ப், மேக் கணினிகளில் எக்ஸ் லாஸ்லெஸ் டிகோடர், லினக்சில் விப்பர் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரே இயக்கியில் எத்தனை முறை படித்தாலும், அது ஒரே பிழையை ஒவ்வொரு முறையும் செய்யக்கூடும். இதற்குத் தீர்வாக வந்தது அக்யூரேட் ரிப் எனும் தரவுத்தளம். ஒருவர் ஒரு வட்டை மாற்றும்போது, ஒவ்வொரு பாடலின் எண்களிலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடப்பட்டு அங்கு அனுப்பப்படுகிறது. வேறோர் ஊரில், வேறோர் இயக்கியில், அதே இசைத்தொகுப்பின் வேறொரு படியை மாற்றுபவருக்கு அதே சரிபார்ப்பு எண் கிடைத்தால், இருவர் எடுத்ததும் சரி. இரு வேறு வட்டுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் விழுந்து ஒரே தவறான விடை கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்றே கூறலாம். பெயர்ச்சியைச் சரிசெய்ய வேண்டியதன் காரணம் இதுவே. கியூடூல்ஸ் என்னும் மென்பொருளின் தரவுத்தளம் ஒரு படி மேலே சென்று, மீட்புத் தரவையும் சேமித்து வைக்கிறது. சிறு சேதமுள்ள வட்டிலிருந்து எடுத்த கோப்பை அதன் துணையால் திருத்தவும் இயலும்.

தரவுத்தளத்தில் இருப்பவை பயனர்கள் அனுப்பியவை மட்டுமே. எனவே உலகெங்கும் விற்ற வட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான ஒப்பீடுகள் கிடைக்கும். குறைந்த படிகளே வெளியான ஒரு கருநாடக இசைக் கச்சேரி வட்டுக்கோ, ஒரு கோயில் வெளியிட்ட தேவாரத் தொகுப்புக்கோ ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். அந்நிலையில் இரு வேறு நிறுவனங்களின் இயக்கிகளில் தனித்தனியே எடுத்து, பெயர்ச்சியைச் சரிசெய்து ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. அரிய வட்டுகளே அதிக உழைப்பைக் கேட்கின்றன. அவற்றுக்கு மாற்றுப்படி வாங்கும் வாய்ப்பும் குறைவு.

மாற்றத் தொடங்கும் முன் வட்டு உண்மையிலேயே இசை இறுவட்டுதானா எனப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுடன் விற்பனையான எம்பி3 வட்டுகள் கணினித் தரவு வட்டுகளே. அவற்றில் உள்ள கோப்புகளை அப்படியே படியெடுத்தால் போதும். இழப்பற்ற வடிவத்திற்கு மாற்றுவதால் அளவு பெருகுமே தவிர தரம் கூடாது. எம்பி3 கோப்புகளிலிருந்து மீண்டும் இசை வட்டாக எழுதப்பட்டவையும் புழக்கத்தில் உள்ளன. அதிர்வெண் வரைபடத்தில் சுமார் 16,000 ஹெர்ட்சுக்கு மேல் பாடல் முழுவதும் கத்தரித்தாற்போல் வெறுமையாக இருப்பது அத்தகைய வட்டுக்கு ஓர் அடையாளம். ஆனால் பழைய பதிவுகளில் இயல்பாகவே உயர் அதிர்வெண்கள் குறைவாக இருக்கும் என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

கோப்பு வடிவங்கள்

ஒலியைச் சுருக்கும் முறைகள் இரு வகைப்படும். இழப்புள்ள சுருக்கம், செவி உணராது எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கிவிடுகிறது. இழப்பற்ற சுருக்கம் எதனையும் நீக்குவதில்லை. விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் திரும்பக் கிடைக்கும்.

இழப்புள்ளவற்றுள் மிகப் பரவலானது ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் நிறுவனத்தின் பங்களிப்புடன் உருவான எம்பி3. வலிய ஒலி ஒன்று அதனை ஒட்டிய மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்னும் செவிப்புல இயல்பை இது பயன்படுத்துகிறது. நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் கோப்பின் அளவு மூலத்தில் பதினொன்றில் ஒரு பங்காகிறது. அவ்வீதத்தில் சாலரா, கைத்தட்டல், கஞ்சிராவின் சலங்கை போன்ற கூர்மையான ஒலிகள் கரகரத்தோ மங்கியோ கேட்கலாம். நல்ல குறிமாற்றியுடன் 192 கிலோபிட்டுக்கு மேல் மூலத்திலிருந்து வேறுபாடு காண்பது பெரும்பாலோர்க்குக் கடினம். 1997இல் வெளிவந்த ஏஏசி, 2002இல் முதற்பதிப்பு கண்ட ஆக் வோர்பிஸ், 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பஸ் ஆகியவை அதே தரத்தைக் குறைந்த அளவில் தர முயல்பவை. எம்பி3 மீதான காப்புரிமை உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது.

கேட்பதற்கு இழப்புள்ள வடிவம் போதுமெனில் இழப்பற்றது எதற்கு என்ற வினா எழுகிறது. இழப்புள்ள கோப்பை மற்றோர் இழப்புள்ள வடிவத்திற்கு மாற்றினால் நீக்கம் இருமுறை நிகழ்ந்து குறை கூடுகிறது என்பதே விடை. கைபேசிக்கு ஒரு வடிவம், மகிழுந்துக்கு ஒரு வடிவம் எனத் தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இழப்பற்ற மூலம் கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

இழப்பற்றவற்றுள் ஃபிளாக் பெரிதும் பயன்படுகிறது. ஜாஷ் கோல்சன் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2001 சூலையில் வெளியானது. 2003 முதல் சிஃப் அமைப்பின் கீழ் உள்ளது. 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவும் வெளியிடப்பட்டது. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரியை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேமிப்பது இதன் அடிப்படை. வேறுபாடு பெரும்பாலும் சிறிய எண் ஆதலால் குறைந்த பிட்களில் அடங்குகிறது. அளவு பொதுவாக மூலத்தில் 50 முதல் 70 விழுக்காடு வரை ஆகிறது. தனி வீணை நன்கு சுருங்கும். இரைச்சல் மிகுந்த இசை அவ்வளவாகச் சுருங்காது. ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய திரைப்பாடல்களில் இடமும் வலமும் ஒன்றே எனில், ஃபிளாக் அதனைக் கண்டுகொண்டு ஒன்றை மட்டும் சேமிப்பதால் கோப்பு மிகச் சிறிதாகிறது. குறிமாற்றியில் உள்ள 0 முதல் 8 வரையான நிலைகள் சுருக்கும் நேரத்தையும் கோப்பின் அளவையும் மட்டுமே மாற்றும். 8ஆம் நிலை சிறந்த ஒலி தரும் என்பது தவறான கருத்து. கோப்பின் தொடக்கத்திலேயே மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் பதியப்படுவதால், ஆண்டுகள் கழித்தும் கோப்பு சிதையாமல் உள்ளதா எனச் சோதிக்கலாம்.

ஆப்பிள் நிறுவனம் 2004இல் ஆலாக் என்னும் இழப்பற்ற வடிவத்தை வெளியிட்டு, 2011இல் அதன் நிரலைத் திறந்த மூலமாக்கியது. ஃபிளாக், ஆலாக் ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழப்பின்றி மாற்றிக்கொள்ளலாம். சுருக்கப்படாத வேவ் வடிவத்திலும் இழப்பு இல்லை. ஆயின் அதில் பாடல் விவரங்களைச் சேர்ப்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட முறை இல்லை. இறுவட்டின் 16 பிட் தரவை 24 பிட் கோப்பாக மாற்றுவதால் புதிய ஒலி ஏதும் தோன்றாது.

இழப்பற்ற வடிவத்தின் மற்றொரு பயன் பாடல்களுக்கு இடையே தெரிகிறது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகச் சேமிக்கிறது. பாடலின் நீளம் அதன் மடங்காக இராதபோது எஞ்சிய இடம் மௌனத்தால் நிரப்பப்படுகிறது. கச்சேரிப் பதிவில் ராகம், தானம், பல்லவி ஆகியவை தனித்தனிப் பாடல் எண்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால், தம்பூராவின் சுருதி ஒவ்வோர் எல்லையிலும் ஒரு கணம் அறுந்து ஒலிக்கும். லேம் குறிமாற்றி, நிரப்பிய அளவைக் கோப்பில் குறித்து வைப்பதால் அதனைப் புரிந்துகொள்ளும் இயக்கிகளில் இக்குறை தோன்றாது. ஃபிளாக்கில் இச்சிக்கலே எழுவதில்லை.

பாடல் விவரங்கள்

இசை இறுவட்டில் பெரும்பாலும் பாடலின் பெயரோ கலைஞரின் பெயரோ பதியப்படுவதில்லை. கணினித் திரையில் தோன்றும் பெயர்கள் இணையத் தரவுத்தளங்களிலிருந்து வருபவை. பாடல்களின் எண்ணிக்கை, தொடக்க நேரங்கள் ஆகியவற்றிலிருந்து வட்டுக்கு ஓர் அடையாள எண் கணக்கிடப்பட்டு, அவ்வெண் தேடப்படுகிறது. இம்முறையை டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் ஆகியோர் 1990களில் சிடிடிபி என்னும் பெயரில் தொடங்கினர். பயனர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து அளித்த அத்தரவு பின்னர் கிரேஸ்நோட் என்னும் வணிக நிறுவனத்தின் உடைமையானது. அதற்கு எதிர்வினையாகக் கட்டற்ற உரிமத்தில் ஃபிரீடிபி தோன்றியது. அது 2020இல் மூடப்பட்டது. ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் தன்னார்வலர்களால் தொடர்ந்து தொகுக்கப்பட்டு வருகிறது.

தமிழ் இசை வட்டுகளுக்கு இத்தரவுத்தளங்களை அப்படியே நம்ப இயலாது. ஒரே இசையமைப்பாளர் பெயர் ஆங்கில எழுத்துகளில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிலர் இசையமைப்பாளரையும், சிலர் திரைப்படத்தின் பெயரையும் இட்டிருப்பர். ஒரு கலைஞர், ஒரு தொகுப்பு என்ற மேலைநாட்டு வணிக இசையின் அமைப்பை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட புலங்கள் திரையிசைக்குப் பொருந்தாமையே இதற்குக் காரணம். தொகுப்பை மாற்றத் தொடங்கும் முன்பே எந்தப் புலத்தில் எதை எழுதுவது என முடிவு செய்துகொண்டால் பின்னர் தேடுவது எளிதாகும்.

தமிழ் எழுத்துகளில் விவரங்களைப் பதிவதில் நீண்ட காலம் இடர்ப்பாடு இருந்தது. 1996இல் தோன்றிய ஐடி3 முறையின் முதற்பதிப்பு பாடற்பெயருக்கு 30 பைட்களை மட்டுமே ஒதுக்கியது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவத்தில் சிந்துபைரவி என்னும் ஆறெழுத்துச் சொல்லே 33 பைட்களை எடுத்துக்கொள்கிறது. திஸ்கி முதலிய பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்ட பெயர்கள் அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணினிகளில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. ஐடி3 இரண்டாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்கிறது. ஃபிளாக், ஆக் வோர்பிஸ் ஆகியவற்றின் விவரக் குறிப்புகள் தொடக்கம் முதலே யுடிஎஃப்-8 வடிவில் அமைந்தவை. அவற்றில் ராகம், தாளம், இயற்றியவர் எனப் பயனர் விரும்பும் புலங்களைச் சேர்க்கலாம். இருவர் இணைந்து பாடிய பாடலில் பாடகர் புலத்தையே இருமுறை எழுதலாம். புலத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும். அதன் மதிப்பு தமிழில் இருக்கலாம்.

வட்டுகளின் ஆயுள்

இறுவட்டு அழியாதது என்னும் எண்ணம் அது அறிமுகமான காலத்தில் பரவலாக இருந்தது. வட்டின் பெரும்பகுதி ஒளிபுகும் பாலிகார்பனேட்டால் ஆனது. ஒளியைத் திருப்பும் மெல்லிய அலுமினியப் படலம் அதன் மேற்புறத்தில், பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி, ஓர் அரக்குப் பூச்சின் கீழ் உள்ளது. ஆகவே பளபளக்கும் அடிப்புறத்தில் விழும் கீறலைவிடப் பெயர் உள்ள புறத்தில் விழும் கீறலே கேடு மிகுந்தது. அடிப்புறக் கீறலை மெருகேற்றிப் போக்கலாம். படலம் உரிந்தால் அங்கிருந்த தரவு அழிந்தது அழிந்ததே. வட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு, பிழைதிருத்தத்தின் எல்லையை எளிதில் கடந்துவிடும்.

பூச்சில் குறை இருந்தால் காற்றும் ஈரமும் புகுந்து படலம் அரிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இயங்கிய பிலிப்ஸ்–டூபான்ட் ஆப்டிகல் ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரான வட்டுகளில் ஒரு பகுதி, விளிம்பிலிருந்து வெண்கல நிறம் பாய்ந்து படிக்க இயலாமல் போனது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வீட்டில் எழுதப்பட்ட வட்டுகளில் தரவு கரிமச் சாயத்தில் பதிவதால், வெயிலிலும் வெப்பத்திலும் அவை அச்சிட்ட வட்டுகளைவிட விரைவில் கெடக்கூடும். ஒரு தொகுப்பில் எவற்றை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கு, வீட்டில் எழுதப்பட்டவை, நிறம் மாறத் தொடங்கியவை, மறுபடி கிடைக்காதவை என்ற வரிசை பொருத்தமானது. சுருள் தடம் உள்ளிருந்து தொடங்குவதால், விளிம்பு கெட்ட வட்டிலும் முதற்பாடல்கள் பிழையின்றிக் கிடைப்பதுண்டு.

மடிக்கணினிகள் பலவற்றில் இயக்கியே இல்லாமல் போய்விட்டதால், வெளியே இணைக்கும் யுஎஸ்பி இயக்கிகள் இப்பணிக்குப் பயன்படுகின்றன. 300 வட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பு, வட்டுக்குச் சராசரி 400 மெகாபைட் எனக் கொண்டால், ஃபிளாக் வடிவில் சுமார் 120 கிகாபைட் ஆகும். வன்தட்டும் பழுதடையக்கூடியது என்பதால், வேறோர் இடத்தில் மற்றொரு படி இல்லாத வரை மூல வட்டுகளை அகற்றுவது அறிவுடைமை அன்று. இயக்கியில் எடுத்த அறிக்கைக் கோப்பையும் பாடல்களுடன் சேர்த்து வைப்பது வழக்கம்.

படியெடுப்புத் தடைகள்

2000களின் தொடக்கத்தில் சில இசை நிறுவனங்கள், கணினியில் படிக்க இயலாதவாறு வரன்முறையிலிருந்து சற்று விலகிய வட்டுகளை வெளியிட்டன. இவை சில மகிழுந்துப் பெட்டிகளிலும் இசைக்க மறுத்தன. இவற்றுக்கு இறுவட்டின் அதிகாரமுறைச் சின்னத்தைப் பயன்படுத்தலாகாது எனப் பிலிப்ஸ் நிறுவனம் கூறியது. வட்டின் வெளிவிளிம்பில் மையெழுதுகோலால் ஒரு கோடிட்டால் இத்தகைய தடை ஒன்று செயலிழக்கும் என்பது 2002இல் தெரியவந்தது. 2005 அக்டோபரில் மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர், சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில வட்டுகள் விண்டோசுக் கணினிகளில் தம்மை மறைத்துக்கொள்ளும் மென்பொருளை நிறுவுவதை வெளிப்படுத்தினார். அது கணினியின் பாதுகாப்பையே குலைத்தது. கடும் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்ததால் அவ்வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அக்காலத்து வட்டுகள் பழைய கடைகளில் இன்றும் கிடைக்கக்கூடும் என்பதால், வட்டை இட்டவுடன் நிரல் தானாக இயங்கும் வசதியை அணைத்து வைப்பது நல்லது.

சட்டநிலை

தான் வாங்கிய வட்டைத் தன் பயன்பாட்டிற்காகப் படியெடுப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விலக்கைக் கணினி நிரல்கள் நீங்கலான எல்லாப் படைப்புகளுக்கும் விரிவாக்கியதால் ஒலிப்பதிவுகளும் இதில் அடங்கின. ஜெர்மனியில் தனிப்பட்ட படிகளுக்கு அனுமதி உண்டு. அதற்கு ஈடாகப் பதிவுக் கருவிகள் மீது கட்டணம் வசூலிக்கப்படுகிறது. ஆயினும் செயல்திறமுள்ள படியெடுப்புத் தடையை உடைத்து எடுப்பதற்கு அங்கு அனுமதி இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2014 அக்டோபர் 1 அன்று தனிப்பட்ட படியெடுப்பு சட்டப்படி ஏற்கப்பட்டது. இசைத்துறை அமைப்புகள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2015 சூலையில் அவ்விதியை நீக்கியது. அதனால் அங்கு சொந்த வட்டைக் கணினிக்கு மாற்றுவது ஒன்பது மாதங்கள் மட்டுமே சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. எந்நாட்டிலாயினும், வட்டை விற்றுவிட்டுக் கோப்புகளை வைத்துக்கொள்வதும், கோப்புகளைப் பிறருக்குப் பரப்புவதும் இவ்விலக்குகளின் நோக்கத்தில் அடங்குவதில்லை.